தரையிலும் பறக்கத் தெரிய வேண்டும்

"பெரியவனானதும் விமானி ஆவேன்" என்று சொல்லும் மாணவர் இல்லாத வகுப்பறை இல்லை. நம் நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்திலேயே வான்வெளிப் பொறியியல் படிக்கலாம். ஆனால், இந்தக் கனவில் நாம் மேகங்களை மட்டுமே பார்க்கிறோம், தரையைப் பார்ப்பதில்லை.

1932இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்த புஸ் மோத், 1950களில் மலாயாத் துணை விமானப் படையினர் பயிற்சி பெற்ற டைகர் மோத் இரண்டுமே வாலைத் தரையில் ஊன்றி நிற்பவை. இவ்வகை விமானங்களில் எடையின் மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. பக்கக் காற்று வாலைத் தள்ளினால், விமானம் நின்ற இடத்திலேயே சுழன்று இறக்கையைத் தரையில் மோதிவிடக்கூடும்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். பைப்பர் கப் போன்ற சிறு விமானத்தைத் தூக்க மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர் காற்றே போதும். நம் மேற்குக் கரையை விடியற்காலையில் தாக்கும் 'சுமத்ரா' புயற்காற்று அந்த வேகத்தை எளிதில் தொடும். அதாவது, விமானி இல்லாமலே விமானம் எழும்பப் பார்க்கும்!

இதற்கு மருந்து எளியது. நடை வேகத்தில் ஓட்ட வேண்டும். காற்று முன்பக்கம் ஒரு புறமிருந்து வந்தால், கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னால் இழுத்துக் காற்று வரும் பக்கம் சாய்க்க வேண்டும். பின்பக்கமிருந்து வந்தால், முன்னால் தள்ளி எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும். நிறுத்தியதும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இறக்கைகளையும் வாலையும் கயிற்றால் தரையோடு கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்வரை பறத்தல் முடியவில்லை.

எனவே, மாணவர்களை விமான நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: விமானி இருக்கையில் அமர்த்திப் படம் எடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கயிற்றில் முடிச்சுப் போடவும், காற்றுப்பையைப் பார்த்துத் திசை சொல்லவும் கற்றுக்கொடுங்கள். பெற்றோரும் ஒன்றை உணர வேண்டும். காற்று அடங்கட்டும் என்று காத்திருக்கும் விமானி கோழையல்ல. அவர் பாடத்தைச் சரியாகப் படித்தவர்.

மாணவர்களே, உயரே பறக்க ஆசைப்படுங்கள். அதற்கு முன், தரையில் அடிக்கும் காற்றை மதிக்கப் பழகுங்கள்.