வலிக்கு ராசிக்கல்

மேருவில் எங்கள் தாமானுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை. தே தாரிக் வருவதற்குள் பக்கத்து வீட்டு அண்ணன் தன் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். தாய்லாந்தின் ஹட்யாயில் இருக்கும் கஞ்சாக் கடை ஒன்றின் விலைப்பட்டியல். ஓஜி குஷ், புளூ டிரீம், நார்தர்ன் லைட்ஸ் என்று இருபது பெயர் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு குட்டிப் படம்: நிலா, சூரியன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆள்.

"பகலுக்கு சட்டிவா, ராத்திரிக்கு இண்டிகா. நம்மள மாதிரி முதுகுவலிக்காரனுக்கு ஹைப்ரிட். ரகம் தெரிஞ்சு எடுக்கணும் தம்பி, அதுலதான் சூட்சுமமே" என்றார்.

போர்ட் கிள்ளானில் முப்பது வருஷம் கண்டெய்னர் லாரி ஓட்டிய முதுகு. போதாததற்கு இனிப்பு நீர். ராத்திரியானால் பாதம் எரிகிறது. அவருடைய வலியில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அந்தப் பட்டியலில்தான் சந்தேகம்.

இன்று கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் நம்பிக்கை இதுதான்: தீராத வலிக்குக் கஞ்சா மருந்து, சரியான ரகத்தைப் பிடித்துவிட்டால் போதும். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் ராசியும் நட்சத்திரமும் கேட்டுக் கல் எடுத்துக் கொடுப்பார்களே, இது அந்த வகை வைத்தியம். என்ன, கல் மோதிரத்தோடு நின்றுவிடும். சிறுநீர்ச் சோதனையில் தெரியாது.

முதலில் அந்தப் பெயர்களைப் பார்ப்போம். 1753-இல் லின்னேயஸ் ஐரோப்பாவில் நாருக்காகப் பயிரிட்ட செடிக்குச் சட்டிவா என்று பெயர் வைத்தார். 1785-இல் லமார்க் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியாவிலிருந்து போன செடியைப் பார்த்து, இது வேறு இனம் என்று சொல்லி இண்டிகா என்றார். இலை, தண்டு, மணம், மயக்கம் ஆகியவற்றைப் பார்த்து வைத்த பெயர்கள் இவை. முதுகுவலியை யாரும் கேட்கவில்லை. இதில் வேடிக்கை, லமார்க் இண்டிகா என்று சொன்ன ஒடுங்கிய இலைச் செடியைத்தான் இன்றைய சந்தை சட்டிவா என்று விற்கிறது. இருநூறு வருஷத்தில் பெயர்ப்பலகை தலைகீழாகத் தொங்குகிறது. அதைப் பார்த்துத்தான் நாம் மாத்திரை தேர்ந்தெடுக்கிறோம்.

சின்னப் பெயர்களின் கதை இன்னும் மோசம். 2015-இல் கனடா ஆய்வாளர்கள் கஞ்சா மாதிரிகளின் மரபணுவைச் சோதித்தார்கள். ஒரே பெயர் கொண்டவற்றை ஒப்பிட்டதில் 35 சதவீதம், தன் பெயரே கொண்ட சரக்கைவிட வேறு பெயர் கொண்ட சரக்கோடுதான் நெருங்கிய உறவாக இருந்தது. அதாவது இந்த மாதம் வாங்கும் நார்தர்ன் லைட்ஸ் போன மாதத்து நார்தர்ன் லைட்ஸுக்குத் தம்பியாகவும் தங்கையாகவும் இல்லாமல் போகலாம். ஒரு பாரசிட்டமால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 500 மில்லிகிராம் என்று அச்சடித்திருக்கும். மேருவில் வாங்கினாலும் மூவாரில் வாங்கினாலும் அதே 500. மருந்து என்ற சொல்லுக்கு அடிப்படைத் தகுதியே அதுதான்.

சரி, ரகத்தை விடுங்கள், செடிக்குள் இருக்கும் டிஎச்சி, சிபிடி என்ற வேதிப்பொருள்கள் வலியைக் குறைக்காதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் இரு பக்கமும் இழுக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2019-இல், பெரியவர்களின் நாள்பட்ட வலிக்கு டிஎச்சி கொடுக்க வேண்டாம், சிபிடியை ஆய்வுக்குள் மட்டும் கொடுங்கள் என்றது. உலக வலி ஆய்வுச் சங்கமும் 2021-இல் பொதுவான பயன்பாட்டை ஆதரிக்க மறுத்துவிட்டது. அதே ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் கூட்டிய குழு கொஞ்சம் இறங்கி வந்தது: வழக்கமான சிகிச்சை போதாதவர்கள், புகைக்காமல், முயன்று பார்க்கலாம் என்று பலவீனமான பரிந்துரை. அதற்கு ஆதாரமான 32 ஆய்வுகளின் கணக்கில், போலி மருந்து வாங்கியவர்களைவிட நூற்றுக்குப் பத்துப் பேர் கூடுதலாகத்தான் உணரத்தக்க ஆறுதல் பெற்றார்கள். பத்துப் பேர் சும்மா இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைசுற்றலும் மந்தமும் கூடவே வந்தன. லாரிக்காரருக்கு இது சின்ன விஷயமா?

வேண்டாம் என்றவர்களும் சரி, பார்க்கலாம் என்றவர்களும் சரி, யாரும் ரகத்தின் பெயரில் பேசவில்லை. ஓஜி குஷ் கொடுங்கள், புளூ டிரீம் கொடுங்கள் என்று ஒரு மருத்துவக் குழுவும் சொல்லவில்லை.

"எனக்குக் கேட்டுதே!" என்பார் அண்ணன். கேட்டிருக்கும். 2022-இல் சுவீடன் ஆய்வாளர்கள் வலிக்குக் கஞ்சா மருந்து கொடுத்துப் பார்த்த 20 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வெறும் போலி மருந்து எடுத்தவர்களின் வலியும் கணிசமாகக் குறைந்திருந்தது. முடிவு எப்படி இருந்தாலும் பத்திரிகைகள் இந்தச் சோதனைகளைப் புகழ்ந்தே எழுதியிருந்தன என்பதும் அதில் வெளிவந்தது. எதிர்பார்ப்பு வலியைக் குறைக்கும். அதற்கு ஹட்யாய் வரை பெட்ரோல் அடிக்க வேண்டியதில்லை.

அடுத்த அம்பு சித்தர் பெயரில் வரும். சித்த மருத்துவத்தில் கஞ்சா உண்டு, இல்லை என்று யார் சொன்னது? சுத்தி செய்து, அளவு பார்த்து, பல சரக்குகளோடு சேர்த்து, வைத்தியர் நாடி பார்த்துக் கொடுத்தது அது. கைப்பேசியில் நிலாப் படம் பார்த்து எடுத்துக்கொள்வதற்குச் சித்தரைச் சாட்சிக்கு இழுப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

இனி சட்டம். 2021 நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்துக்குத் தந்த பதிலில், விதிப்படி பதிவு செய்த கஞ்சா மருந்துக்கு நாட்டில் வழி உண்டு என்றார். நம் குழுக்கள் "வழி உண்டு" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டன, "பதிவு செய்த" என்பதை விழுங்கிவிட்டன. 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. 20 கிராமைத் தொட்டால் குறைந்தது இரண்டு வருஷச் சிறை, ரோத்தான். 200 கிராம் என்றால் வியாபாரி என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். 2018-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் கஞ்சா எண்ணெய் வழக்கில் முகமட் லுக்மான் என்ற இளைஞருக்குத் தூக்கு விதித்தது. அப்போதைய பிரதமர் மகாதீரே அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். 2023-இல் கட்டாய மரண தண்டனை நீங்கியது, மரண தண்டனை நீங்கவில்லை. நோயாளியைக் குற்றவாளியாக்கும் சட்டம் கொடுமை என்பதே என் கருத்து. அதை மாற்றப் போராடுகிறவர்கள் பக்கம் நான் நிற்பேன். ஆனால் ரக வியாபாரி அந்தப் போராட்டத்தின் தோழன் இல்லை. மாட்டிக்கொண்டால் சிறைக்குப் போவது அண்ணன், பட்டியல் அனுப்பியவன் இல்லை. தாய்லாந்தே 2022 ஜூனில் கதவைத் திறந்துவிட்டு, 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று திரும்பிக்கொண்டது.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிக் கணக்கும் இருக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இனிப்பு நீர். பாத எரிச்சல் என்று வருபவர்களில் பலருக்கு அது நரம்பு கெடுவதன் அடையாளம். அமிட்ரிப்டிலின், கபாபென்டின் என்று அதற்குக் கொடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன, விலையும் பெரிதில்லை. சர்க்கரையை இறக்காமல் ரகம் மாற்றிக்கொண்டிருந்தால், எரிச்சல் ஒருநாள் நிற்கும், உணர்ச்சி செத்துப்போய். அதன் பிறகு காலில் ஆணி குத்தினாலும் தெரியாது.

சிலாயாங் மருத்துவமனையில் நாள்பட்ட வலிக்கென்று தனிக் கிளினிக் இருக்கிறது. அங்கே 'மெனாங்' என்ற பயிற்சித் திட்டமும் நடந்து வருகிறது. மலாயில் வெற்றி என்று பொருள். வலியோடு எப்படி நடப்பது, எப்படித் தூங்குவது, எப்படி மறுபடி வேலைக்குப் போவது என்று சொல்லித் தருகிறார்கள். வரிசை நீளம்தான், உடனே இடம் கிடைக்காது. அண்ணனிடம் அதைச் சொன்னேன். "அங்கல்லாம் யாரு போவா" என்றார்.

போங்கள், அண்ணே. கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளி கட்டி, வலி கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். பாதத்தையும் காட்டிவிட்டு வாருங்கள். அந்தப் பட்டியலை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.