முன்னணை என்றால் என்ன, பாட்டி?

அலோர் காஜாவில் டிசம்பர் மாதம் மழை மாதம். காலையில் வெயில் காட்டும், மூன்று மணிக்கு மேல் கொட்டித் தீர்க்கும். சுட்ட முறுக்கை மறுநாளே டின்னில் அடைத்து மூடாவிட்டால் நமத்துப் போகும். இந்த மழையில்தான் எங்கள் தாமானில் உள்ள ஒரு கிறிஸ்துவக் குடும்பத்து வீட்டுக்குக் கடந்த ஒரு மாதமாக அடிக்கடி போய் வந்தேன். முறுக்குக்காகப் போனதாக என் மனைவி சொல்கிறாள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். பதினொரு வயதுப் பெண், எட்டு வயதுப் பையன். பையன் தமிழ்ப்பள்ளிக்குப் போகிறான். அக்காள் மூன்று வருடமாக வீட்டில் படிக்கிறாள். காரணம் அவளுடைய உடல்நலம். அதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை. முறைப்படி விண்ணப்பித்து விலக்கு வாங்கித்தான் வீட்டில் வைத்துக் கற்பிக்கிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், “பிள்ளையை நிறுத்தி நாமே வீட்டில் சொல்லிக் கொடுத்தால் என்ன சார்?” என்று என்னிடம் கேட்கும் பெற்றோர் இப்போது கூடியிருக்கிறார்கள். நினைத்தவுடன் நிறுத்திவிட முடியாது. 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தில் 2002-இல் திருத்தம் வந்து, 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். மீறும் பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விலக்கு தரும் அதிகாரம் கல்வி அமைச்சருக்கு உண்டு. ஆகவே முதலில் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள், பிறகு புத்தகக் கடைக்குப் போகலாம்.

நான் தமிழ்ப்பள்ளி வாத்தியார். ஓய்வு பெற்றாலும் அந்தப் புத்தி ஓய்வு பெறவில்லை. ஒரு பிள்ளை வீட்டில் உட்கார்ந்தால் நம் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர் குறைகிறதே என்றுதான் முதலில் தோன்றும். அந்தப் பெண்ணின் விஷயத்தில் அப்படி நினைத்தது தவறு என்று தெரிந்தும் நினைத்தேன். அவளுக்கு வாங்கியிருந்த பாடப் புத்தகங்களைப் பார்த்தபோது அந்த எண்ணம் வலுத்தது. எல்லாம் ஆங்கிலம். எல்லாம் அமெரிக்காவில் அச்சானவை. டிசம்பர் மாதப் பயிற்சித் தாளில் பனிமனிதன் இருக்கிறான், சறுக்குவண்டி இருக்கிறது. செம்பனைத் தோப்புக்கு நடுவே வளரும் பிள்ளை அதற்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் ஆண்டு வரை நன்றாகத் தமிழ் வாசித்தவள் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்தாள். பேச்சுத் தமிழ் போகவில்லை. வாசிப்பு போய்க்கொண்டிருந்தது.

இந்த நிலையில் பாட்டிக்குக் கண்புரை முற்றிவிட்டது.

பாட்டி என்றால் பையனின் அப்பாவைப் பெற்றவர். காடேக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பதினான்கு வயதில் பால் வெட்டப் போனவர். எழுபத்தைந்து வயது. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம்: டிசம்பர் 24 இரவு, ஆராதனை முடிந்து வந்ததும், பலகாரத் தட்டைத் திறக்கும் முன் பாட்டி லூக்கா இரண்டாம் அதிகாரத்தின் முதல் இருபது வசனங்களை வாசிப்பார். லயத்து வீட்டில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அவருடைய அப்பா வாசித்தது அது. அப்பா போனபின் இவர் வாசித்தார். இந்த வருடம் எழுத்து தெரியவில்லை. “மனப்பாடமாகச் சொல்லிவிடுங்கள் அத்தை” என்றாள் மருமகள். பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. வேதத்தைத் திறந்து வைத்து வாசிக்கவேண்டும், சொல்லக்கூடாது என்றார். மகன் வாசிக்கலாமே என்றால், அவர் படித்தது மலாய்ப் பள்ளியில்.

“பேத்தி வாசிக்கட்டும்” என்றார் பாட்டி. வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம்.

நவம்பர் 30 அட்வெந்து முதல் ஞாயிறு. கிறிஸ்துமசுக்கு முன் நான்கு ஞாயிறுகள். இருபது வசனத்தை நான்கால் வகுத்தால் வாரத்துக்கு ஐந்து. அந்த அம்மாள் முன்பு கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். கணக்கு உடனே வந்துவிட்டது. பனிமனிதன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்த மாதப் பாடத்திட்டமே கிறிஸ்துமஸ் என்று முடிவு செய்தார். உதவிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

மேசையில் நான்கு மெழுகுவர்த்தி வைத்து வாரம் ஒன்றாக ஏற்றும் வழக்கம் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்போய் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. 1839-இல் ஹம்பர்க் நகரத்தில் யோகான் ஹின்ரிக் விச்சர்ன் என்ற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்தினார். கிறிஸ்துமசுக்கு எத்தனை நாள் என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்தார்கள். ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி, மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்தி என்று பொருத்தி, நாளுக்கு ஒன்று ஏற்றினார். எண்ணத் தெரியாத பிள்ளையும் எண்ணக் கற்றுக்கொண்டது. வாசலில் தொங்கவிடும் பல முனை நட்சத்திரமும் அப்படித்தான். மொராவிய சபையின் பள்ளி ஒன்றில், ஜெர்மனியின் நீஸ்கியில், 1830-களில் மாணவர்களுக்கு வடிவியல் கற்பிக்கச் செய்யச் சொன்ன காகித வேலை அது. பண்டிகைச் சின்னம் என்று நாம் நினைக்கும் பொருள் யாரோ ஒரு வாத்தியாரின் கணக்கு வகுப்பு.

நம் தோட்டங்களில் மூங்கில் குச்சி ஐந்தைக் கட்டி, வண்ணக் கண்ணாடித் தாள் ஒட்டி, உள்ளே பல்பு வைத்து நட்சத்திரம் செய்வார்கள். பையனின் அப்பா அதைச் செய்யத் தெரிந்தவர். அக்காளும் தம்பியும் பாகைமானியை வைத்து முனைகளை அளந்தார்கள். சரியான ஐங்கோண நட்சத்திரத்தில் முனைக்கு 36 பாகை, ஐந்தும் சேர்ந்து 180. இவர்கள் அளந்ததில் 194 வந்தது. மூங்கில் வளைந்திருந்தது. அப்படியே கட்டித் தொங்கவிட்டார்கள். இன்னும் தொங்குகிறது, கொஞ்சம் சாய்வாக.

டிசம்பர் 3 சவேரியார் திருநாள். இவர்கள் கத்தோலிக்கர் அல்லர், ஆனாலும் வரலாற்றுப் பாடத்துக்காக மலாக்கா செயின்ட் பால் குன்றுக்குப் போனோம். கூட்டம் அந்தப் பெண்ணுக்கு ஆகாது என்பதால் விடியற்காலையிலேயே கிளம்பினோம். தம்பிக்குப் பள்ளி. அவன் சீருடையில் நின்று முறைத்தது எனக்கு மறக்காது.

மேலே இடிந்த தேவாலயம், கூரையில்லாத சுவர்கள், முன்னால் வலக்கை இல்லாமல் நிற்கும் வெள்ளைச் சிலை. சவேரியார் 1545-இல் மலாக்கா வந்தவர். 1552-இல் சீனக் கரையோரத் தீவில் இறந்தார். மறுவருடம் உடல் இங்கே கொண்டுவரப்பட்டு, கோவாவுக்குப் போகும் முன் சில மாதங்கள் இந்தக் குன்றில்தான் இருந்தது. இதெல்லாம் சுற்றுலாப் பலகையிலேயே கிடைக்கும். நான் அவளுக்குச் சொல்ல நினைத்தது வேறு. மலாக்காவுக்கு வரும் முன், 1542 முதல் அவர் முத்துக்குளித்துறையில், நம் பரதவர் கிராமங்களில் இருந்தார். தமிழ் தெரியாது. ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் கற்று, வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆக, பெரியவர்கள் பிள்ளையிடம் படித்த கதை அது.

“அவருக்கும் தமிழ் தப்புத் தப்பாகத்தான் வந்திருக்கும், இல்லையா வாத்தியார் தாத்தா?” என்று கேட்டாள். கட்டாயம் அப்படித்தான் என்றேன். இறங்கி வரும்போது நடையில் கொஞ்சம் தெம்பு தெரிந்தது.

பாட்டியின் வேதாகமம் 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. இன்றைய பிள்ளைக்கு வரிக்கு ஒரு சொல் தடுக்கும். இதை எளிய மொழியில் உள்ள புதிய பதிப்பில் வாசிக்க வைக்கலாமே என்றுதான் நான் சொன்னேன். பாட்டி என்னைப் பார்த்த பார்வையில் பேச்சை நிறுத்திக்கொண்டேன். பிறகு யோசித்தால், தடுக்கிய சொற்கள்தான் அந்த மாதத்தின் பாடமாயின.

முதல் வசனத்திலேயே ‘குடிமதிப்பு’. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று நான் விளக்கினேன். பாட்டி குறுக்கிட்டார். “கணக்கெடுப்பு மட்டும் இல்லை வாத்தியாரே, பேர் பதியறது. பதியாட்டி என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்” என்றார். பிறகு அவர் சொன்னது பேத்திக்கு மட்டுமல்ல, மருமகளுக்கும் புதிது.

சுதந்திரத்துக்கு முன் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளில் பலருக்குக் குடியுரிமை தானாக வரவில்லை. விண்ணப்பிக்க வேண்டும். பாட்டியின் அப்பாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை, சொன்னவர்கள் சொன்னது புரியவும் இல்லை. கையில் சிவப்பு அடையாள அட்டை. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் நடப்புக்கு வந்தபோது, தோட்டம் தோட்டமாக ஆட்கள் கப்பலேறினார்கள். பாட்டியின் அண்ணன் போனார். திரும்பவில்லை. பாட்டிக்கு நீல அட்டை கிடைத்தபோது அவருக்குப் பேரப்பிள்ளை பிறந்திருந்தது. “யோசேப்புக்குச் சொந்த ஊர் எதுன்னு தெரிஞ்சிது, போயிப் பதிஞ்சான்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு மூன்றாம் வசனத்தோடு பாடம் நின்றது. அந்த வாரம் ஐந்து முடியவில்லை.

ஏழாம் வசனத்தில் ‘முன்னணை’. இந்தச் சொல்லில் நானே தடுமாறினேன். பாட்டிக்குத் தடுமாற்றம் இல்லை. லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருந்தது, மாடு தீனி தின்ன முன்னால் ஒரு தொட்டி இருக்கும், அதுதான் என்றார். பால் வெட்டிவிட்டு வந்து மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டவர். தொட்டியின் நீளம், அகலம், எந்த மரம், அதில் ஒரு பச்சைப் பிள்ளையைப் படுக்கவைத்தால் என்ன வாடை அடிக்கும், எறும்பு வருமா வராதா, எல்லாம் சொன்னார். பேத்தி வரைந்தாள். வீட்டில் குடில் கட்டியபோது கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தொட்டிலை எடுத்துவிட்டு, அப்பாவிடம் சொல்லிப் பலகைத் துண்டில் முன்னணை செய்து வைத்தாள்.

பலகார வேலையும் பாடம்தான். ஒரு படி மாவுக்கு எவ்வளவு உளுந்து, மூன்று படிக்கு எவ்வளவு என்று கணக்கு. தட்டு எத்தனை, வீடு எத்தனை என்று பட்டியல். எதிர் வீட்டு மலாய்க்காரக் குடும்பத்துக்கு ஹலால் முத்திரை உள்ள பிஸ்கட் டின், பிரிக்காமல். தீபாவளிக்குத் தட்டு அனுப்பிய வீடுகளுக்கெல்லாம் திருப்பித் தட்டு. எங்கள் வீட்டுக்கு அதிரசம் கூடுதலாக வந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

எல்லாம் இனிப்பாக நடந்தது என்று எழுதினால் பொய். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தம்பி மேய்ப்பனாக நின்றான். அக்காள் போகவில்லை. கூட்டத்துக்குள் இருமலோடு வருபவர் ஒருவர் போதும், அவள் மருத்துவமனையில் இருப்பாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, தம்பி தலையில் துண்டு கட்டிக் காரில் ஏறுவதைப் பார்த்தாள். அன்று மாலை நான் போனபோது வாசிக்க மறுத்துவிட்டாள். புத்தகத்தையும் திறக்கவில்லை. வீட்டுக் கல்வி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பக்கத்து பெஞ்சில் ஒரு தோழியை அதனால் உட்கார வைக்க முடியாது. அவளுடைய அம்மாவுக்கும் இது தெரியும். அடுப்படியில் நின்று அழுததை நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

23-ஆம் தேதி இரவு கீதம் பாடுபவர்கள் வந்தார்கள். இருபது பேர் மழைக்கோட்டோடு வாசலுக்கு வெளியே நின்று பாடினார்கள், யாரும் உள்ளே வரவில்லை. போன வருடம் வரை பாடிவிட்டு உள்ளே வந்து கோப்பி குடிப்பார்கள். இந்த முறை யார் சொன்னார்களோ, பிள்ளைக்காக வெளியிலேயே நின்றுவிட்டார்கள். பாட்டி தன் கட்டைக் குரலில் கதவருகே நின்று கூடப் பாடினார். பேத்தி கோப்பியை ஃபிளாஸ்கில் ஊற்றிக் கேட் வரைக்கும் கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாள் இரவு ஒன்பதரைக்கு என்னையும் என் மனைவியையும் அழைத்திருந்தார்கள். “திருத்தக்கூடாது வாத்தியாரே” என்று பாட்டி முன்கூட்டியே சொல்லிவிட்டார். வேதாகமம் அவர் மடியில். பேத்தி பக்கத்தில் மண்டியிட்டு வாசித்தாள். குடிமதிப்பில் தடுக்கவில்லை. சத்திரத்தில் தடுக்கவில்லை. முன்னணையைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள். எட்டாம் வசனத்துக்குப் பிறகு ஓரிடத்தில் வரி தவறி, இரண்டு வரி கீழே போய்விட்டாள். பாட்டியின் விரல் எழுத்தைப் பார்க்காமலே பக்கத்தின் மேல் நகர்ந்து சரியான இடத்தில் நின்றது. அவள் அங்கிருந்து தொடர்ந்தாள். இருபது வசனமும் முடிய ஏழு நிமிடம் ஆனது. நான் கடிகாரம் பார்த்தது வாத்தியார் பழக்கம்.

பிறகு தட்டைத் திறந்தார்கள். முறுக்கு நமத்துத்தான் போயிருந்தது.

பாட்டிக்கு ஜனவரியில் கண் அறுவை. பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரிக்கே திரும்புகிறது, ஆகவே தம்பி பள்ளிக்குப் போகும் அதே வாரத்தில் இங்கே வீட்டு வகுப்பும் தொடங்குமாம். வாரத்தில் இரண்டு நாள் தமிழுக்கு நான் வரவேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். ஒப்புக்கொண்டேன். கிளம்பும்போது பாட்டி, “கண்ணு தெரிஞ்சிட்டா அடுத்த வருஷம் நானே வாசிப்பேன்” என்றார்.

“பாதிதான் தருவேன் பாட்டி” என்றாள் அவள். “முன்னணை எனக்கு.”