லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்?

வாகனம் வாங்கப் போகும் நமது வியாபாரிகள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" விற்பவரும் தயங்காமல் பதில் சொல்வார். "டீசல்தானே நானா, 20 ஓடும்." அந்த ஒரு வார்த்தையை நம்பி லீசிங் கம்பனியில் கையொப்பமிட்டவர்கள் நம்மில் ஏராளம். ஒரு மூடை அரிசியைக் கூட நிறுத்துப் பார்க்காமல் வாங்காத நாம், பல இலட்சம் பெறுமதியான வாகனத்தின் ஓட்டத்தை மட்டும் வாய்ச்சொல்லில் வாங்குகிறோம். இது வியாபாரிக்கு அழகல்ல என்பதே எனது கருத்து.

இந்த 20 எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கம்பனியின் கையேட்டிலிருந்து. கையேட்டுக்கு அது ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறது. வாகனத்தை உருளைகளின் மேல் நிறுத்தி, குறித்த வேகங்களில் ஓடவிட்டு அளப்பார்கள். நமது நாட்டுக்கு வந்த பழைய ஜப்பான் வாகனங்கள் பலவற்றுக்கு '10-15 மோட்' என்ற சோதனையே அளவுகோல். அதன் மொத்தத் தூரம் நான்கு கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அங்கே மூடைகள் இல்லை, மலை ஏற்றம் இல்லை, பேலியகொடை நெரிசலும் இல்லை.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். சர்வதேச தூய போக்குவரத்துப் பேரவை அங்குள்ள கார்களின் வீதிக் கணக்கைச் சோதனைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தது. 2001இல் 10 வீதத்திற்கும் குறைவாக இருந்த வித்தியாசம், 2015 அளவில் சுமார் 40 வீதமாக உயர்ந்திருந்தது. அதனால்தான் 2017இல் பழைய சோதனையைக் கைவிட்டு, கூடுதல் தூரமும் கூடுதல் வேகமும் கொண்ட புதிய சோதனையை அங்கே கொண்டு வந்தார்கள்.

டீசல் சிக்கனமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு லீற்றர் டீசலில் ஒரு லீற்றர் பெற்றோலைவிட 10 வீதத்திற்கும் மேலான சக்தி இருக்கிறது. டீசல் எஞ்சின் காற்றை மிகக் கூடுதலாக அமுக்கி எரிப்பதால் அந்தச் சக்தியில் பெற்றோல் எஞ்சினைவிடக் கூடிய பங்கை வேலையாக மாற்றுகிறது. நெரிசலில் மெதுவாக ஊரும்போதும் பெற்றோல் அளவுக்கு அது வீணாக்குவதில்லை. கேள்வி, அந்தச் சிக்கனம் நமது கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே.

ஒரு கணக்குப் பார்ப்போம். விலை அடிக்கடி மாறுவதால் பெற்றோல், டீசல் இரண்டையும் லீற்றர் 300 ரூபா என்று வைத்துக் கொள்வோம். ஒரே தரமான இரண்டு வாகனங்களில் டீசல் வாகனம் 12 இலட்சம் ரூபா கூட என்போம். பெற்றோல் வாகனம் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடுகிறது. அதாவது கிலோமீற்றருக்கு 30 ரூபா.

டீசலுக்கு 20 என்ற பேச்சை நம்பினால் கிலோமீற்றருக்கு 15 ரூபா மிச்சம். 80,000 கிலோமீற்றரில் கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பி வந்துவிடும். ஆனால் வீதியில் அது 12.5 தான் ஓடினால் மிச்சம் 6 ரூபா மட்டுமே. அந்தப் பணம் திரும்ப 2 இலட்சம் கிலோமீற்றர் ஓட வேண்டும். மாதம் 4,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு இது நான்கு வருடமும் இரண்டு மாதமும். கடைக்கும் வீட்டுக்கும் இடையில் மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கோ 16 வருடமும் எட்டு மாதமும். இதில் தவணை வட்டியை நான் சேர்க்கவே இல்லை.

நம்மவர்கள் விடும் பெரிய பிழை இங்கேதான் இருக்கிறது. பெற்றோலுக்கு அனுபவக் கணக்கையும் டீசலுக்குக் கையேட்டுக் கணக்கையும் வைத்து ஒப்பிடுகிறார்கள். தராசின் இரு தட்டிலும் ஒரே படிக்கல்லைத்தானே பாவிக்க வேண்டும்?

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. டீசலில் நாம் கண்ட இலாபம் முழுவதும் எஞ்சின் தந்ததல்ல. 2021 ஜூன் மாதத்தில் பெற்றோல் 157 ரூபா, டீசல் 111 ரூபா. இடைவெளி 46 ரூபா. மேலே சொன்ன வாகனங்களை அந்த விலையில் ஓட்டியிருந்தால், மிச்சத்தில் பாதிக்கு மேல் விலை வித்தியாசத்தால் வந்ததாகவே இருக்கும். 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் 470, டீசல் 460. இடைவெளி வெறும் 10 ரூபா. அரசாங்கம் ஓர் இரவில் மாற்றக்கூடிய விலையை நம்பி ஐந்து வருடத் தவணை எடுப்பது ஆபத்தானது.

ஆகவே நாமே அளக்க வேண்டும். வழி மிக இலகுவானது. டேங்கை நிரப்பி மீற்றரைக் குறித்துக் கொள்ளுங்கள். வழக்கம்போல் ஓடுங்கள். அதே ஷெட்டில் மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் வகுத்துப் பாருங்கள். ஒரு தடவை போதாது. நான்கு தடவை செய்து சராசரி எடுங்கள். டாஷ்போர்டில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். எனது கடை வேனுக்கு ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். புறக்கோட்டைக்குள் 9, சரக்கோடு கண்டி வீதியில் 11, புத்தளம் வீதியில் 13. வாகனம் ஒன்று, கணக்கு மூன்று.

கொப்பி எழுதினால் வீண்செலவும் வெளியே தெரியும். டயரில் காற்றுக் குறைந்தால் எண் இறங்கும். சரக்கு இறக்கும்வரை ஏசியோடு எஞ்சினை ஓடவிட்டாலும் இறங்கும். அதிவேகப் பாதையில் மணிக்கு 80இல் போவதைவிட 100இல் போகும்போது காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்கிற்கும் மேலாகிறது. புதிய டீசல் வாகனங்களில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. சேர்ந்த கரியை எரித்துச் சுத்தமாக்க அது கூடுதல் டீசலைக் குடிக்கும். குறுந்தூரம் மட்டும் ஓடினால் அந்தச் சுத்திகரிப்பு முடிவடையாமல் வடிகட்டி அடைத்துக் கொள்ளும். பிறகு கராஜ் செலவு வேறு.

என் ஆலோசனை இதுதான். மாவட்டம் விட்டு மாவட்டம் சரக்கு ஏற்றுபவர், நாளாந்தம் நீண்ட தூரம் ஓடுபவர் டீசலை வாங்கட்டும். அவருக்கு அது உழைத்துக் கொடுக்கும். ஊருக்குள் மட்டும் ஓடுபவர் அந்த 12 இலட்சத்தைக் கடைச் சரக்கில் போடுவதே மேல். வாகன வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்டால், அளந்த கணக்கைச் சொல்லுங்கள். அளக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். வாங்குபவர் அந்த எண்ணை வைத்துத்தான் தன் தவணையைக் கணக்குப் பார்க்கிறார்.