எலியின் நோவும் ஏழையின் நோவும்

மிதிவெடியில் காலை இழந்தவன், இல்லாத பாதம் எரிகிறதென்கிறான். மனப்பிரமை என்கிறது படித்த உலகம். தலைவிதி என்கிறது பழைய உலகம். இரண்டும் பொய். போர் 2009இல் ஓய்ந்தது. அறுந்த நரம்பின் நோவு ஓயவில்லை. அதனைக் கைகழுவிவிட இவ்விரு பொய்களும் வசதியாக உதவுகின்றன.

விஞ்ஞானம் சொல்வது வேறு. 1988இல் பெனற், சீ என்னும் ஆய்வாளர் இருவர் எலியின் தொடைப் பெருநரம்பை நூலால் தளரக் கட்டினர். சில நாட்களில் அந்த எலி மெல்லிய தொடுகையையும் பொறாது பாதத்தை இழுத்துக்கொண்டது. எலிக்கு ஏது தலைவிதி? காயமுற்ற நரம்பு ஓயாது செய்தி அனுப்ப, முண்ணாணின் கலங்கள் அளவுமீறிக் கிளர்கின்றன என்பதே உண்மை.

ஆகவே மருந்தும் முண்ணாணைத் தேடிச் சென்றது. மோர்பின் அங்கு நேரே செயற்படுவதை 1976இல் யக்ஷ், ரூடி இருவரும் எலிகளிற் காட்டினர். ஆயினும் நரம்புக்காய நோவு மோர்பினுக்கு எளிதில் அடங்குவதில்லை. பின்னர் கூம்பு நத்தையின் நஞ்சிலிருந்து சிக்கொனொடைட் பிறந்தது. முண்ணாணைச் சூழ்ந்த நீர்மத்தினுட் செலுத்தப்படும் இம்மருந்து, நரம்புகளின் கல்சிய வாயில்களை அடைத்து நோவுச் செய்தியைத் தடுக்கிறது. 2004இல் அமெரிக்கா இதனை அங்கீகரித்தது.

ஆனால், யாருக்காக? இம்மருந்தை நெடுநாட் செலுத்த உடலினுட் பொருத்திய பம்பி வேண்டும். அதனை மீண்டும் மீண்டும் நிரப்ப வேண்டும். கூலித் தொழிலாளிக்கு அது எட்டாக்கனி. நத்தை ஏழை நாடுகளின் கடலில் வாழ்கிறது. மருந்தோ செல்வர் சந்தையில் வாழ்கிறது!

எலிக்குப் பலித்தது மனிதனுக்குப் பலிக்காதே என்பர் சிலர். உண்மைதான், விலங்குகளில் நோவைத் தணித்த 'பொருள் பி' தடுப்பு மருந்துகள் மனிதரில் தோற்றன. அது மேலும் ஆராய்வதற்குக் காரணமேயன்றி, நோயாளியைப் புறக்கணிப்பதற்குக் காரணமாகாது. பம்பி இல்லாவிடினும் அமிற்றிப்டிலின், கபாபென்ரின் முதலிய மாத்திரைகள் உள்ளன. எல்லோருக்கும் அவை முற்றாகப் பலனளிப்பதில்லை. ஆயினும் அவற்றைக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

உரிமையைக் கேட்பதற்கு முதலில் அறிவு வேண்டும். 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழில் வைத்தியம் கற்பித்தார். அந்த மண்ணில் இன்று நோவின் விஞ்ஞானம் ஆங்கில ஏடுகளுள் அடைபட்டுக் கிடப்பதா? ஆசிரியர்களே, மாணவர்களே! அதனைத் தமிழிற் சொல்லுங்கள். ஆய்வுகூடத்தில் எலி பட்ட நோவை நம்பிய உலகம், நம் ஊரில் மனிதன் படும் நோவையும் நம்பியே ஆகவேண்டும்.