சோற்று நேரத்துப் படம்

1932-ம் வருஷம் செப்டம்பர் 20-ந் தேதி, நியூயார்க் ராக்பெல்லர் கட்டடத்தின் 69-வது மாடி உயரத்தில், ஓர் இரும்பு உத்தரத்தின்மேல் 11 தொழிலாளர்கள் காலைத் தொங்கவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் படத்தைத் தோழர்களில் பலர் பார்த்திருக்கலாம். அது தற்செயலாய்க் கிடைத்த படமல்ல. கட்டடத்துக்கு விளம்பரம் தேடுவதற்கென்றே ஏற்பாடு செய்து எடுத்தது. அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் வேலையின்றித் தெருவில் நின்ற காலம் அது. கட்டடத்துக்குப் பேர் வந்தது. உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோரின் பேர் இன்றுவரை நிச்சயமாய்த் தெரியாது!

2023 டிசம்பர் முதல் அதே கட்டடத்தின் உச்சியில், பணம் கட்டுகிறவர்களை ஓர் உத்தரத்தில் உட்காரவைத்து, வார் மாட்டி, உயரத் தூக்கிப் படம் பிடித்துக் கொடுக்கிறார்கள். பழைய படத்தில் தொழிலாளியின் இடுப்பில் வார் கிடையாது. வேடிக்கை பார்க்க வந்தவருக்குத்தான் வார்.

நிற்க, நம் நாட்டுத் தொழிலாளரை வைத்து இப்படி ஒரு படம் எடுக்க ஆசைப்படுகிறவர் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம்தான் போகவேண்டும். ஆலைக்கும் குறைவில்லை, ஆளுக்கும் குறைவில்லை. ஆனால் சாப்பாட்டுப் படம் எடுக்கிறவர் தட்டில் என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டாமா?

2021 டிசம்பரில், அங்கே ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி, 250 பேருக்குமேல் வைத்தியம் செய்ய நேர்ந்தது; 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். கூட வேலை செய்தவர்களின் கதி என்னவென்று தெரியாமல், ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூர் ரோட்டில் போய் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் நிபந்தனைப்படி இல்லையென்று அம்மாதம் 29-ந் தேதி ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. ரோட்டில் உட்காருவதற்கு முன்னால் அதன் கண்ணுக்கு இவை ஏன் படவில்லையோ! 2022 ஜனவரி 12-ல்தான் ஆலை திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கச் சர்க்கார் விடுதி திறந்ததை நாம் பாராட்டுகிறோம்.

வருஷா வருஷம் ஆயுத பூஜையென்று இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் பூசிப் பொரி கடலை படைக்கும் தேசம் இது. அந்த இயந்திரத்தை ஓட்டுகிற பெண், கெடாத சோற்றுக்காக ராத்திரி நேரத்தில் ரோட்டில் உட்கார வேண்டியிருந்தது.

அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்த படமும் பத்திரிகைகளில் வந்தது. 1932-ம் வருஷத்துப் படத்தை மறுபடி எடுக்க விரும்புகிறவர்கள் முதலில் அதைத் தேடிப் பார்க்கட்டும். எந்த முதலாளியும் ஏற்பாடு செய்து எடுத்ததல்ல அது.