ஷிஃப்டு பொறுப்பாளரின் தூக்கம்

அத்திப்பட்டு வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்களில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று, 600 மெகாவாட் அலகுகள் இரண்டு. கொதிகலன் குழாய் கசிந்தால் அலகை நிறுத்தி, ஆள் இறங்கும் அளவுக்கு ஆறவிட்ட பிறகுதான் வெல்டிங். அதற்குள் ‘எப்போது லைனில் ஏறும்?’ என்று மேலிடத்திலிருந்து போன்மேல் போன். அந்த நெருக்கடியை வெல்டர் தலையில் இறக்காமல் தன் மேசையோடு நிறுத்திக்கொள்பவரைத்தான் மனஉறுதி உள்ள தலைவர் என்பேன். நம் ஊரிலோ, தொடர்ந்து இரண்டு ஷிஃப்டு கண்விழித்தவருக்குத்தான் சால்வை! (மேடையில் அவர் விடும் கொட்டாவியை யார் கவனிக்கிறார்கள்?) தன் நாற்காலியில் உட்கார இன்னொருவரை முன்பே பழக்கிவைத்துவிட்டு, நேரத்துக்கு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறவருக்கே என் ஓட்டு. பதினாறு மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, எந்த வால்வைத் திறக்கச் சொன்னோம் என்பதே குழம்பிவிடலாம்.