விமான நிலையத்துக்கு லாப உத்தரவாதம்! ஏர் பிடிச்சவனுக்கு என்ன உத்தரவாதம்?

 

காஞ்சிபுரம் பக்கத்தில் பரந்தூரில் விமான நிலையம் என்று 2022 ஆகஸ்ட்டில் அறிவித்தார்கள். ஏகனாபுரம், நெல்வாய் என 13 கிராமத்து நிலம், சுமார் 5,700 ஏக்கர். நஞ்சையும் போகுது, ஏரியும் போகுது, கம்பன் கால்வாயும் மறிபடுது. கிராம சபையில் திரும்பத் திரும்ப எதிர்த்துத் தீர்மானம் போட்டது ஏகனாபுரம். யார் காதில் விழுந்தது? 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை ஒப்புதல் கொடுத்துவிட்டது.

"வளர்ச்சி" என்கிறார்கள். யாருக்கு? கணக்கைப் பாருங்க.

விமானம் இறங்கக் கட்டணம், நிறுத்தக் கட்டணம், பயணி தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட்டிலேயே கட்டணம். பெரிய விமான நிலையங்களுக்கு இதை நிர்ணயிப்பது 2008 சட்டப்படி வந்த ஒழுங்குமுறை ஆணையம். எப்படி? போட்ட முதலுக்கு லாபம், தேய்மானம், நடத்தும் செலவு, கட்டுற வருமான வரி உட்பட எல்லாம் கூட்டி, கடை வாடகை மாதிரி வரவில் ஒரு பங்கைக் கழித்து, மீதியைக் கட்டணமாக வசூலிக்கலாம். அஞ்சு வருஷத்தில் வசூல் குறைஞ்சா அடுத்த அஞ்சு வருஷத்தில் சேர்த்து வாங்கிக்கலாம்!

டெல்லியில் 2012ல் ஒரே உத்தரவில் கட்டணம் 345 சதவீதம் ஏறியது. பங்கு முதலுக்கு 16 சதவீத லாபம். அந்த நிலத்துக்கு ஆண்டு வாடகை 100 ரூபாய் என்று மத்திய தணிக்கைத் துறையே அதே வருஷம் எழுதியது!

நமக்கு? சொந்த நிலத்துக்கு வாடகை, முதலுக்கு வட்டி எல்லாம் சேர்த்த முழுச் செலவுக்கு மேல் 50 சதவீதம் வேணும் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தோம். கொடுத்தார்களா? மழையில் நெல் முளைச்சுப் போனா, அடுத்த போகத்து விலையில் சேர்த்துத் தருவானா?

லாபம் எங்கே போகுது? அரசு விமான நிலைய ஆணையம் முழுக்க மத்திய அரசு சொத்து. ஈவுத்தொகை டெல்லி கஜானாவுக்கு. 2021ல் சென்னை, திருச்சி, கோவை, மதுரை விமான நிலையங்களையும் தனியாருக்கு விடும் பட்டியலில் சேர்த்தார்கள். உடனே தமிழக அரசு 2022ல் என்ன சொன்னது? "நிலம் நாங்க கொடுத்தது, தனியாருக்கு விட்டால் எங்களுக்கும் பங்கு வேண்டும்" என்றது. நியாயம்தான்! அந்த நியாயம் உழவனுக்குக் கிடையாதா? கையகப்படுத்திக் கொடுத்த அரசுக்குப் பங்கு, தலைமுறையாய் உழுதவனுக்கு ஒரு தடவைக் காசோடு கதவடைப்பா?

ஆனா பங்கு கேட்டு நாம் வரவில்லை. ஏரிக்கு எந்த ஆணையமும் விலை போட முடியாது!

* பரந்தூர் திட்டத்தைக் கைவிடு!
* கிராம சபைத் தீர்மானத்தை மதி!
* விமான நிலையத்துக்குப் போடும் கணக்கை நெல்லுக்கும் போடு!

ஊர் ஊராய்ப் படிப்போம்! ஒன்றுபடுவோம்! நிலம் காப்போம்!

இவண்,
விவசாயிகள் சங்கத்தார்